வில் பிடித்த சிறுவன்: டி.என்.கிருஷ்ணனும் நம்ம திருவனந்தபுரமும்

இந்த ஆண்டு சங்க மலருக்கு இசை பற்றி ஒரு கட்டுரை வேண்டும் என்று கேட்டபோது முதலில் மறுத்துத்தான் பார்த்தேன். முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் தமிழ் சொல்லிக் கொடுத்தவள் நான். சங்கீதம் கேட்கத் தெரியும், எழுதத் தெரியாது என்றேன். "கேக்கறவங்கதான் டீச்சர் எழுதணும்" என்று சொல்லி மடக்கிவிட்டார்கள். ஒப்புக்கொண்டதற்கு இன்னொரு காரணமும் உண்டு. கரமனையில் எங்கள் வீட்டில், மகள் வயிற்றுப் பேரன் வயலின் வாசிக்கிறான். எட்டாம் வகுப்பு. போன வருஷம் ஒரு பாடகருக்குப் பக்கம் வாசிக்க முதல்முதலாக அவனுக்கு அழைப்பு வந்தது. கச்சேரி புதன்கிழமை மாலை. வியாழக்கிழமை காலை கணக்குப் பரீட்சை. அனுப்புவதா வேண்டாமா என்று வீட்டில் மூன்று நாள் வாக்குவாதம். அந்த மூன்று நாளில் என் மனதில் ஓடியதும், அதன்பின் தேடிப் படித்ததும் சேர்ந்ததே இக்கட்டுரை.

வயலின் என்றதும் ஏதோ சென்னை சமாசாரம் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். தென்னாட்டு இசைக்குள் அது நுழைந்த வழியில் நம் ஊருக்கும் பங்குண்டு. முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர் (1786-1858) சென்னையை அடுத்த மணலியில் இருந்த காலத்தில் ஐரோப்பிய வாத்தியக்காரர் ஒருவரிடம் இக்கருவியைக் கற்று, நம் ராகங்களை அதில் வாசித்துக் காட்டினார். பிற்பாடு எட்டயபுரம் சமஸ்தானத்தில் வித்வானாக அமர்ந்தார். தஞ்சை நால்வரில் இளையவரான வடிவேலு, சுவாதித் திருநாள் மகாராஜாவின் சபையை அலங்கரிக்க இங்கே வந்தார். வயலினைப் பாட்டுக்கும் நாட்டியத்துக்கும் பக்கவாத்தியமாக நிலைநிறுத்தியவர்களில் அவர் முக்கியமானவர். 1834இல் மகாராஜா அவருக்குத் தந்தத்தால் ஆன வயலின் ஒன்றைப் பரிசளித்ததைச் சங்கீத வரலாறு எழுதியவர்கள் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள். பரிசளித்த மகாராஜாவுக்கு அப்போது வயது இருபத்தொன்று. வாங்கிய வித்வானுக்கு இருபத்துநாலு! இரண்டு இளைஞர்கள்.

இந்த இடத்தில் ஒரு திருத்தம். வடிவேலுவுக்கு வயலின் சொல்லிக் கொடுத்தவர் தஞ்சாவூரில் இருந்த ஸ்வார்ட்ஸ் பாதிரியார் என்று சில கட்டுரைகளில் எழுதுகிறார்கள். ஸ்வார்ட்ஸ் காலமானது 1798இல். வடிவேலு பிறந்தது 1810இல். எப்படிச் சொல்லிக் கொடுத்திருப்பார்? ஒருவர் எழுதியதை இன்னொருவர் பார்த்து எழுதுவதால் வரும் வினை இது. மாணவர்களின் காப்பி நோட்டு திருத்தியே பழகிய கண்ணுக்கு இதெல்லாம் உடனே உறுத்துகிறது.

வடிவேலுவுக்குப் பிறகு ஒரு நூற்றாண்டு கழித்து நடந்ததைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன். 1939ஆம் ஆண்டு திருவனந்தபுரத்தில் ஒரு சிறுவன் தனியாக வயலின் கச்சேரி செய்தான். வயது பத்துப் பதினொன்று. திருப்பூணித்துறைக்காரன். தகப்பனார் ஏ.நாராயண ஐயரே குரு. அந்தச் சிறுவன்தான் பிற்காலத்தில் உலகம் முழுதும் அறிந்த டி.என்.கிருஷ்ணன் அவர்கள். பெயருக்கு முன்னால் இருக்கும் 'டி' திருப்பூணித்துறையைக் குறிப்பது. 1928 அக்டோபர் 6ஆம் தேதி பிறந்தவர், 2020 நவம்பர் 2ஆம் தேதி சென்னையில் காலமானார். இடையில் எண்பது ஆண்டுக்கால வாசிப்பு. அதன் ஆரம்ப மேடை நம்முடைய ஊர் என்பதை இங்குள்ள நம் பிள்ளைகளில் எத்தனை பேர் அறிவார்கள்?

அதே 1939இல்தான் இங்கே சித்திரைத் திருநாள் மகாராஜா 'மியூசிக் அகாதமி'யைத் தொடங்கினார். இன்று தைக்காட்டில் இருக்கும் சுவாதித் திருநாள் இசைக் கல்லூரிதான் அது. 1962இல் இந்தப் பெயர் வந்தது. முதல் பிரின்சிபால் ஹரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், திருநெல்வேலிச் சீமைக்காரர். அவருக்குப் பின் செம்மங்குடி சீனிவாச ஐயர், தஞ்சாவூர்ச் சீமைக்காரர். 1963 வரை பொறுப்பில் இருந்தார். சுவாதித் திருநாளின் கீர்த்தனங்களைத் தேடித் தொகுத்து, திருத்தமான பாடமாக்கி வெளிக்கொண்டு வந்தது இந்த இருவரின் உழைப்பு. ஆக, அந்த நாளில் திருவனந்தபுரம் என்பது சங்கீதத்தில் ஓர் ஒதுக்குப்புற ஊர் அல்ல. பாபநாசம் சிவன்கூடச் சிறுவனாக 1899இல் தாயாருடன் இங்கே வந்து சேர்ந்தவர்தாம். நம்ம கரமனை நீலகண்ட சிவனின் பாட்டைக் கேட்டு வளர்ந்துதான் பின்னால் 'தமிழ்த் தியாகய்யர்' ஆனார். பெரியவர்கள் இருக்கும் ஊரில் ஒரு சின்னப் பையன் வாசித்தால் கேட்க வேண்டிய காதுகள் கேட்கும். கிருஷ்ணனுக்கு அது வாய்த்தது.

இதோடு ஒப்பிட அமெரிக்காவில் நடந்த ஒன்றைச் சொல்கிறேன். 1927இல் நியூயார்க் கார்னகி ஹாலில் யெஹுதி மெனுஹின் என்ற பதினொரு வயதுச் சிறுவன் பெரிய வாத்தியக் குழுவுக்கு முன்னால் நின்று பீத்தோவன் வாசித்தான். மறுநாளே ஊரெல்லாம் அவன் பேச்சு. அவன் நின்ற இடம் மேடையின் நடு. அறுபது எழுபது பேர் அவனுக்குப் பின்னால். நம் முறை வேறு. 1939இல் தனிக் கச்சேரி செய்த கிருஷ்ணன் உயர்ந்தது நடுவில் உட்கார்ந்து அல்ல. அடுத்த பல வருஷங்கள் பாடகரின் பக்கத்தில் உட்கார்ந்து. பெயரே பக்கவாத்தியம்தானே! கர்நாடக சங்கீதத்தில் ஓர் இளம் வயலின் வித்வான் மேலே வருவது பெரும்பாலும் அந்தப் பக்கத்து இடத்திலிருந்துதான். இதைப் புரிந்துகொள்ளாமல் நம் பெற்றோர்கள் 'என் பிள்ளை எப்போ சோலோ வாசிப்பான்?' என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். நானும் ஒருகாலத்தில் கேட்டவள்தான்.

பக்கம் வாசிப்பது என்றால் என்ன? நான் கேட்டும் பார்த்தும் புரிந்துகொண்டதைச் சொல்கிறேன். மேல்நாட்டு முறையில் வயலினின் நான்கு கம்பிகளுக்கும் நிலையான ஸ்வரங்கள் உண்டு. யார் வாசித்தாலும் அதேதான். நம் முறையில் ஸ, ப, ஸ, ப என்று, பாடுகிறவரின் குரலுக்குத் தக்கபடி கம்பிகளைக் கட்டிக்கொள்ள வேண்டும். ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவார்கள். பெண்கள் ஐந்து, ஐந்தரை. ஆகவே இன்றைக்கு ஒரு சுருதி, நாளைக்கு ஒரு சுருதி. வீணையில் இருப்பதுபோல விரல் வைக்க மெட்டும் கிடையாது. சுருதி மாறினால் கம்பியின் இறுக்கம் மாறும், வில்லின் அழுத்தம் மாறும். அத்தனையையும் கை தானே சரிசெய்துகொள்ள வேண்டும். மெட்டு இல்லாததுதான் இந்தக் கருவியின் கஷ்டம், அதேதான் அதன் பெருமையும். நம் கமகங்களின் வளைவு நெளிவெல்லாம் தடையில்லாமல் அதில் வழுக்கி வரும். அதனால்தான் எங்கிருந்தோ வந்த கருவி இருநூறு வருஷத்தில் நம் வீட்டுப் பிள்ளை ஆகிவிட்டது. ஆனால் முதல் ஒரு வருஷம் அதிலிருந்து வருகிற சத்தத்தை வீட்டார் பொறுக்க வேண்டும். எங்கள் தெருவில் ஒரே சுவரைப் பங்குபோடும் வீடுகள். பக்கத்து வீட்டு அம்மாள், "மோனுக்குக் கதவு மசகாமல் கிடக்கா?" என்று கேட்டது எங்கள் வீட்டில் இன்றும் சிரிப்பு.

சரி, மேடைக்கு வருவோம். பாடகர் ராகம் பாடத் தொடங்குகிறார். அவர் ஒரு பிடி பாட, அரை மூச்சு பின்னால் அதே பிடியை மெல்லிசாக வயலின் தொடர வேண்டும். முந்தக் கூடாது, பிந்தவும் கூடாது. பாடகர் நிறுத்தியதும் வயலினுக்கு முறை. அதிலும் அவர் பத்து நிமிஷம் பாடினால் இவர் ஐந்தாறு நிமிஷத்தில் முடிப்பதுதான் மரியாதை. கீர்த்தனத்தில் சாகித்யத்தோடு ஒட்டிப் போக வேண்டும். நிரவலில் அவர் விட்ட இடத்தில் எடுக்க வேண்டும். கல்பனா ஸ்வரத்தில் அவர் ஒரு கணக்கை வைத்துக் கோர்வை பாடினால், கேட்ட மாத்திரத்தில் அதையே திருப்பிக் கொடுக்க வேண்டும். இவ்வளவுக்கும் ஒத்திகை என்பது பெரும்பாலும் கிடையாது! என்ன பாடப்போகிறார் என்பதே மேடையில்தான் தெரியும். ஆகவே நூற்றுக்கணக்கான கீர்த்தனங்கள் கைவசம் இருக்க வேண்டும். அதைவிட, காது திறந்திருக்க வேண்டும். கை வேகமுள்ள இளம் பிள்ளைகளுக்கு இங்கேதான் சோதனை. பாடகரைவிட நாலு சங்கதி கூடப் போட்டுக் கைதட்டல் வாங்கிவிட முடியும். அடுத்த தடவை அவர் கூப்பிட மாட்டார், அவ்வளவுதான்.

கிருஷ்ணன் 1942இல் சென்னைக்குப் போனார். வயது பதிமூன்று, பதினாலு. அந்த வருஷத்தை நினைத்துப் பாருங்கள். ஜப்பான்காரன் குண்டு போடுவான் என்று பயந்து ஏப்ரலில் சென்னையே காலியான வருஷம் அது. ஊரைவிட்டு ஜனங்கள் ஓடிய ஆண்டில் இந்தப் பையன் ஊருக்குள் போயிருக்கிறான். அங்கே அவருக்குப் பெரிய துணையாக நின்றவர் செம்மங்குடி. திருவனந்தபுரத்துக்கு வந்து வேலை பார்த்த தஞ்சாவூர்க்காரர், சென்னைக்குப் போன கேரளப் பிள்ளையைத் தூக்கிவிடுகிறார். நம்மைப் போல ஊர் விட்டு ஊர் வந்தவர்களுக்கு இதில் ஒரு ருசி இருக்கத்தான் செய்கிறது.

அன்றைய நிலவரம் லேசானதல்ல. வயலினில் மூன்று மலைகள் இருந்தார்கள்: துவாரம் வெங்கடசாமி நாயுடு, மைசூர் சௌடய்யா, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளை. மைக் இல்லாத கொட்டகைகளில் கடைசி வரிசைக்கும் கேட்க வேண்டும் என்பதற்காகச் சௌடய்யா ஏழு கம்பி வயலினே செய்துகொண்டவர். இவர்களுக்கு மத்தியில் ஒரு சிறுவனை யார் கூப்பிடுவார்கள்? கூப்பிட்டார்கள். அரியக்குடி, செம்பை, முசிரி, மகாராஜபுரம் விசுவநாத ஐயர், ஆலத்தூர் சகோதரர்கள், செம்மங்குடி என்று அந்தத் தலைமுறைப் பெரியவர்கள் பலருக்கும் அவர் பக்கம் வாசித்தார். ஒவ்வொருவருக்கும் பாணி வேறு, காலப்பிரமாணம் வேறு, கோபமும் வேறு. அத்தனை பேருக்கும் ஒருவர் வாசிக்க முடிந்தது என்றால் அவருடைய காதைத்தான் முதலில் புகழ வேண்டும், விரலை அப்புறம். அவர் வாசிப்பில் அலட்டல் இருக்காது. இழுத்த வில் நடுங்காது. மைக் வந்துவிட்ட காலம் ஆகையால் இனிமையாக, மெதுவாக வாசிப்பவரின் நாதமும் சபைக்குக் கேட்டது. அவர் மேலே வந்ததில் அதற்கும் ஒரு பங்கு இருக்கும் என்பது என் சொந்த ஊகம்.

அவரும், 1930இல் பிறந்த லால்குடி ஜெயராமனும், 1931இல் பிறந்த எம்.எஸ்.கோபாலகிருஷ்ணனும் அடுத்த தலைமுறையின் வயலின் மும்மூர்த்திகள் ஆனார்கள். எம்.எஸ்.ஜி.யின் தகப்பனார் பறவூர் சுந்தரம் ஐயர். அந்தப் பறவூரும் நம் கேரளத்துப் பறவூர்தான். மூவரில் இருவரின் வேர் இந்த மண்ணில்! மூவருக்கும் குரு அவரவர் தகப்பனார் என்பது இன்னொரு ஒற்றுமை. கிருஷ்ணனின் தங்கை என்.ராஜம் அவர்களுக்கும் முதல் குரு தகப்பனார்தாம். பிறகு ஓம்கார்நாத் தாகூரிடம் கற்று இந்துஸ்தானி வயலினில் முதல் வரிசைக்கு வந்து, காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். ஒரு திருப்பூணித்துறை வீட்டிலிருந்து ஒரு பிள்ளை தெற்குக்கும் ஒரு பெண் வடக்குக்குமாக.

கிருஷ்ணனுக்கு 1973இல் பத்மஸ்ரீ, 1974இல் சங்கீத நாடக அகாதமி விருது, 1980இல் சங்கீத கலாநிதி, 1992இல் பத்மபூஷண். சென்னை இசைக் கல்லூரியிலும் டெல்லிப் பல்கலைக்கழகத்திலும் பொறுப்பான பதவிகள். கணக்குப் போட்டால், திருவனந்தபுரம் மேடையிலிருந்து சங்கீத கலாநிதி வரை நாற்பத்தொரு வருஷம் ஆகியிருக்கிறது. மியூசிக் அகாதமியில் டிசம்பர் 25ஆம் தேதி அவர் கச்சேரி என்றால் கடைசியில் 'ஜிங்கிள் பெல்ஸ்' வாசித்துச் சிரிக்க வைப்பார். அவ்வளவு சுத்த சம்பிரதாயக்காரருக்குள் இப்படி ஒரு குழந்தை!

இதையெல்லாம் படித்துவிட்டு 'அது அந்தக் காலம், டீச்சர்' என்பார்கள். இன்றைக்கு இங்கே ஒரு பிள்ளைக்கு என்ன வழி இருக்கிறது என்று பார்க்கலாம். இசைக் கல்லூரி இருக்கிறது. ஒருகாலத்தில் கானபூஷணம், கானபிரவீண என்று பட்டயம் தந்தார்கள், பிறகு பல்கலைக்கழகப் பட்டங்களே வந்துவிட்டன. பள்ளிக் கலோத்ஸவத்தில் வயலினுக்குக் கிழக்கத்திய முறை, மேற்கத்திய முறை என்று இரண்டு போட்டி உண்டு. மாநில அளவில் கிரேடு வாங்கினால் கிரேஸ் மார்க் என்பதால் அதற்குப் பெற்றோர் படும் பாடு தனிக் கதை. பத்து நிமிஷ அயிட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்க அதே ஒரு கீர்த்தனத்தைத் தேய்க்கிற பிள்ளைகளை நான் பார்த்திருக்கிறேன். அப்படித் தேய்த்த பிள்ளைக்குப் பக்கம் வாசிக்க வராது. வானொலி நிலையம் 1943இல் திருவிதாங்கூர் அரசின் நிலையமாகத் தொடங்கி 1950இல் ஆகாசவாணியோடு சேர்ந்தது. அதன் ஆடிஷனில் தேறினால் பி, பி ஹை, ஏ, ஏ டாப் என்று படிப்படியாக ஏறலாம். சங்கீத நாடக அகாதமி நாற்பது வயதுக்கு உட்பட்டவர்களுக்கு பிஸ்மில்லா கான் பெயரில் யுவ புரஸ்காரம் தருகிறது. இவற்றோடு கோயில் உற்சவங்கள், குதிரை மாளிகையில் ஜனவரியில் சுவாதி சங்கீதோத்சவம், எல்லாவற்றுக்கும் மேலாக நவராத்திரி மண்டபம்.

அந்த மண்டபத்தைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. பத்மநாபபுரத்திலிருந்து சரஸ்வதி, வேளிமலையிலிருந்து குமாரசுவாமி, சுசீந்திரத்திலிருந்து முன்னுதித்த நங்கை என்று மூன்று தெய்வங்கள் ஊர்வலமாக இங்கே வருவார்கள். அந்தச் சரஸ்வதி கம்பர் வழிபட்ட விக்கிரகம் என்று நம்பிக்கை. அவள் முன்னிலையில் ஒன்பது நாள் கச்சேரி. விளக்கு வெளிச்சம். கைதட்டல் கிடையாது. அன்றன்றைக்கு இன்ன ராகம் என்று சுவாதித் திருநாளே வகுத்த ஏற்பாடு: முதல் நாள் சங்கராபரணம், அடுத்து கல்யாணி, சாவேரி, தோடி என்று போகும். கைதட்டல் இல்லாத இடத்தில் வாசிக்கிற இளம் வித்வானுக்குத் தான் நன்றாக வாசித்தோமா என்று சொல்ல ஆளே இல்லை. பாடகரின் முகம் ஒன்றுதான். பாறசாலை பொன்னம்மாள் அம்மையார் 2006இல் அங்கே பாடிய முதல் பெண்மணி. 1939இல் தொடங்கிய அகாதமியின் முதல் மாணவியாகச் சேர்ந்தவர், அந்த மண்டபத்தில் உட்காரும்போது வயது எண்பதைத் தாண்டியிருந்தது. கிருஷ்ணன் மேடை ஏறிய வருஷமும் இந்த அம்மாவின் சங்கீதப் படிப்புக்குக் கதவு திறந்த வருஷமும் ஒன்றே. ஒருவருக்கு மூன்றே வருஷத்தில் சென்னை. இவருக்குச் சொந்த ஊர் மண்டபத்துக்கு அறுபத்தைந்து வருஷத்துக்கு மேல்.

நம் காலத்திலும் இவ்வூரில் ஒரு பிள்ளை வயலினால் பேர் வாங்கினான். பாலபாஸ்கர். 1978இல் பிறந்தவர். ஆகாசவாணி வித்வானாக இருந்த தாய்மாமன் பி.சசிகுமார் அவர்களிடம் சம்பிரதாயமாகக் கற்றவர். கல்லூரி மாணவராக இருக்கும்போதே 'மாங்கல்யப் பல்லக்கு' என்ற மலையாளப் படத்துக்கு இசையமைத்தார். 2008இல் பிஸ்மில்லா கான் யுவ புரஸ்காரமும் வந்தது. அவர் எடுத்த வழி வேறு: நின்றுகொண்டு, மின்சார வயலினோடு, ஆயிரக்கணக்கான இளைஞர்களுக்கு முன்னால். 'அது கச்சேரியா?' என்று எங்கள் வட்டாரப் பெரியவர்கள் உதட்டைப் பிதுக்கினார்கள். நானும் பிதுக்கினேன். ஒருநாள் டி.வி.யில் அவர் உட்கார்ந்து ஒரு ராகத்தை விஸ்தாரமாக வாசித்ததைக் கேட்ட பிறகு வாயை மூடிக்கொண்டேன். 2018 செப்டம்பர் 25ஆம் தேதி பள்ளிப்புறத்தில் நடந்த கார் விபத்தில் குழந்தை போயிற்று. அக்டோபர் 2ஆம் தேதி அவரும் போய்விட்டார். நாற்பது வயது. அந்த வாரம் எங்கள் பேரன் வில்லைத் தொடவில்லை. அப்போது அவன் சின்னப் பையன், ஆரம்பப் பாடம்தான். ஆனாலும் தொடவில்லை.

இனி என் கதைக்கு வருகிறேன். என் மகளும் வயலின் கற்றவள். ஏழு வயதில் தொடங்கி எட்டு வருஷம். பத்தாம் வகுப்பு முடிந்ததும் என்ட்ரன்ஸ் கோச்சிங் என்று நான்தான் நிறுத்தினேன். அவள் அழவில்லை, சண்டை போடவில்லை. பெட்டியை மூடி அலமாரி மேலே வைத்தாள். என்ஜினியர் ஆனாள், நல்ல வேலை, குறையொன்றும் இல்லை. பேரனுக்கு ஆறு வயதானபோது அந்தப் பெட்டியை இறக்கித் திறந்தோம். கம்பிகள் துருப்பிடித்துத் தளர்ந்து, பிரிட்ஜ் சாய்ந்து கிடந்தது. வில்லின் மயிர் பாதிக்கு மேல் உதிர்ந்துவிட்டது. பழுது பார்த்துக் கொடுத்தவர், "இவ்ளோ நாள் எங்கே வெச்சிருந்தீங்க?" என்று கேட்டார். மகள் என் முகத்தைப் பார்க்கவில்லை. அவள் பார்க்காததே எனக்குப் போதுமானதாக இருந்தது.

அதனால்தான் அந்தப் புதன்கிழமை விஷயத்தில் நான் வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளைக்குப் பரீட்சைக் கவலை, நியாயம்தான். பதிமூன்று வயதில் கிருஷ்ணனை அனுப்பிய நாராயண ஐயருக்கு வீட்டிலேயே சங்கீதம்தான் சோறு. நமக்கு அப்படி இல்லை. பக்கவாத்தியத்தில் வருமானம் எப்படி வரும், எப்போது நிற்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. சென்னையில் டிசம்பர் சீசனில் மத்தியானக் கச்சேரிக்கு இடம் கிடைப்பதற்கே வெளியூர்ப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் போய்வர வேண்டும். ரயில் செலவு, தங்கும் செலவு எல்லாம் கைக்காசு. இதையெல்லாம் அவர் சொன்னபோது மறுக்க என்னிடம் பதில் இல்லை. மூன்றாம் நாள் ராத்திரி மகள்தான் பேசினாள். "கணக்கை அவன் செவ்வாக்கிழமையே முடிக்கட்டும். புதன்கிழமை போகட்டும்" என்றாள். சமையலறையிலிருந்து, பாத்திரம் கழுவிக்கொண்டே. அதோடு வாக்குவாதம் நின்றது.

கச்சேரிக்கு நானும் போனேன். சின்னக் கோயில், முப்பது பேர் இருப்போம். பாடகர் நடுவயதுக்காரர், நிதானமானவர். முதல் மூன்று உருப்படி பையன் ஒழுங்காக ஒட்டிப் போனான். நாலாவதாக அவர் ஒரு ராகத்தை எடுத்தார். பேரனுக்கு அது பிடிபடவில்லை என்பது எனக்கே தெரிந்தது. வில் நின்றுவிட்டது. என் வயிற்றில் புளியைக் கரைத்தது. கொஞ்ச நேரம் கழித்து ஆதார ஷட்ஜத்தை மட்டும் மெல்ல இழுத்து வைத்துக்கொண்டு பாடகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவர் இரண்டு மூன்று பிடிகளை வேண்டுமென்றே திரும்பத் திரும்பப் பாடினார். பையன் ஒன்றைப் பிடித்தான், பிறகு இன்னொன்றை. அவன் முறை வந்தபோது ஒரு நிமிஷம்கூட வாசிக்கவில்லை. தெரிந்த நாலு பிடியை வாசித்து ஸ்வரத்தில் வந்து நிறுத்தினான். பாடகர் "சபாஷ்" என்றார். ராகம் ரசிகப்ரியா என்று ஆட்டோவில் வரும்போது சொன்னான். 'எழுபத்திரண்டாவது மேளம், பாட்டி. கடைசி மேளம். யாராச்சும் சின்னப் பையனுக்கு அதைப் பாடுவாங்களா?' என்று புலம்பல் வேறு.

கணக்கில் எழுபத்தெட்டு வாங்கினான். மாப்பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது கூடத்தில் சுருதிப் பெட்டி ஓடுகிறது. வருகிற மாதம் நெய்யாற்றின்கரையில் ஒரு பெண் பாடகிக்கு வாசிக்கக் கூப்பிட்டிருக்கிறார்களாம். ஐந்தரைக் கட்டை. இருக்கிற கம்பியை அவ்வளவு ஏற்றினால் அறுந்துவிடும், மெல்லிசான செட் வாங்க வேண்டும் என்று இரண்டு நாளாக நச்சரிக்கிறான். சனிக்கிழமை சாயங்காலம் கடைக்குக் கூட்டிப்போவதாக அவன் அம்மா சொல்லியிருக்கிறாள். தனக்கும் ஒரு செட் சேர்த்து வாங்கப் போகிறாளாம்.